கை நம்முடையது... பிடி யாருடையது?

(மூன்றாமாண்டு மாணவன், மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் ஒட்டிய அன்றைக்கே ராக்கெட், ரோபோ, சோலார் என்று பெரிய தலைப்புகளை எல்லாம் முதல் பெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு மிஞ்சியது பொம்மை மெஷின்தான்! சிரிக்காதீர்கள். மாலிலும் பொருட்காட்சியிலும் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிப் பெட்டி, உள்ளே குவியலாகக் கரடிப் பொம்மைகள், மேலே தொங்கும் மூன்று விரல் இரும்புக் கை. காசு போட்டு, குச்சியை ஆட்டி, பட்டனை அமுக்கினால் கை கீழே இறங்கும், பொம்மையைப் பிடிக்கும், தூக்கும்... பாதி வழியில் போட்டுவிடும்! இதற்குப் பெயர் 'கிளா மெஷின்'.

இந்தப் பெட்டிக்குள் நாம் மூன்று வருஷமாகப் படித்தது எல்லாம் இருக்கிறது. மோட்டார் இருக்கிறது, சோலினாய்டு இருக்கிறது, லிமிட் சுவிட்ச் இருக்கிறது, மைக்ரோ கன்ட்ரோலர் இருக்கிறது. நம் சிலபஸில் இல்லாத ஒரு பாடமும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

'உனக்கு எப்படிடா தெரியும்?' என்று கேட்பீர்கள். போன செமஸ்டர் லீவில் ஒரு மாலில் இருக்கும் கேம் சென்டரில் மெக்கானிக் அண்ணனுக்கு ஹெல்ப்பராக நாற்பது நாள் வேலை பார்த்தேன். எக்ஸாம் ஃபீஸ் கட்டப் போனேன். கூடவே கொஞ்சம் படிப்பும் கிடைத்தது.

கால்வாய் வெட்டிய கை

முதலில் கொஞ்சம் சரித்திரம். 1914ல் பனாமா கால்வாய் திறக்கப்பட்டது. அதை வெட்டிய ராட்சத நீராவி மண்வெட்டி இயந்திரங்களைப் பற்றித்தான் அந்தக் காலத்து அமெரிக்காவில் பேச்சு. அந்த மோகத்தில் அதே போலச் சின்னதாக ஒரு விளையாட்டுப் பெட்டி செய்தார்கள். 1920களில் திருவிழாச் சந்தைகளில் 'ஈரி டிக்கர்' என்ற பெயரில் அது பிரபலம். கரண்டே கிடையாது. ஆடுகிறவர் கையால் சக்கரத்தைச் சுற்றினால் உள்ளே இருக்கிற கை திரும்பி, இறங்கி, மிட்டாயைக் கவ்வும். சில பெட்டிகளில் மிட்டாய்க்கு நடுவில் வெள்ளி டாலரும் கிடக்கும். அங்கேதான் வம்பு ஆரம்பம்! 1951ல் அமெரிக்காவில் 'ஜான்சன் சட்டம்' என்ற சூதாட்டக் கருவிச் சட்டம் வந்தபோது இந்த டிக்கர் பெட்டிகளும் அதில் மாட்டிக்கொண்டன. மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகவே தடை. பிறகு விதிகள் தளர்ந்தன. 1985ல் ஜப்பானில் சேகா கம்பெனி 'யு.எஃப்.ஓ. கேட்சர்' என்ற மெஷினை இறக்கியது. அங்கிருந்துதான் கரடிப் பொம்மைகளின் ராஜ்யம்.

ஆக, 'இது விளையாட்டா, சூதாட்டமா?' என்ற கேள்வி இந்த மெஷினோடு கூடவே பிறந்த கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, பெட்டியைத் திறந்து பார்த்துவிடுவோம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

நம் ஒர்க்‌ஷாப்பில் ஓவர்ஹெட் கிரேன் பார்த்திருப்பீர்கள். அதன் குட்டித் தம்பிதான் இது. மேல்கூரையில் இரண்டு தண்டவாளம். அதன் மேல் முன்னும் பின்னும் ஓடும் ஒரு பாலம். பாலத்தின் மேல் இடமும் வலமும் ஓடும் ஒரு டிராலி. டிராலியில் நூல் சுற்றிய ஒரு உருளை. மொத்தம் மூன்று டி.சி. கியர் மோட்டார். முன்பின் ஓட ஒன்று, இடவலம் ஓட ஒன்று, நூலை இறக்கி ஏற்ற ஒன்று.

நாம் பிடித்து ஆட்டுகிற ஜாய்ஸ்டிக்குக்கு அடியில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. நாலு பக்கமும் நாலு மைக்ரோ சுவிட்ச். எந்தப் பக்கம் சாய்த்தாலும் அந்தத் திசைக்கான சுவிட்ச் மூடும், அவ்வளவுதான். போர்டு அதைப் பார்த்து மோட்டாரை ஓட்டும். டிராலி ஓரத்தில் போய் முட்டாமல் இருக்க லிமிட் சுவிட்ச் உண்டு.

கை பொம்மை மேல் இறங்கிவிட்டது என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்? அதற்குக் கண் கிடையாது. கை பொம்மையில் உட்கார்ந்ததும் நூல் தளர்ந்துவிடும். இறுக்கமான நூல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு சின்ன லீவர், நூல் தளர்ந்ததும் விழுந்து சுவிட்சைத் தட்டும். உடனே மோட்டார் நிற்கும், விரல்கள் மூடும். கிணற்றில் வாளி தண்ணீரைத் தொட்டதைக் கயிறு பிடித்த கை உணர்கிறது அல்லவா? அதே சங்கதிதான்!

பொம்மை துவாரத்தில் விழுந்தால் அதைக் கணக்குப் பிடிக்க அங்கே ஒரு இன்ஃப்ரா ரெட் சென்சார். பொம்மை கதிரை மறைத்தால் 'ஒன்று போச்சு' என்று போர்டு எழுதிக்கொள்ளும். எத்தனை ஆட்டம் வந்தது, எத்தனை பொம்மை போனது என்ற இரண்டு கணக்கும் மெஷினிடம் சுத்தமாக இருக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

விரல் மூடுவது எப்படி?

இரும்புக் கையின் தலைப் பகுதியில் ஒரு காயில் இருக்கிறது. பழைய டெலிபோன் வயர் போலச் சுருண்ட ஒரு கேபிள் வழியாக அதற்கு டி.சி. சப்ளை வரும். கரண்ட் ஓடினால் காயில் காந்தமாகி, நடுவில் இருக்கும் இரும்புத் தண்டை, அதாவது பிளஞ்சரை, உள்ளே இழுக்கும். தண்டோடு இணைத்த மூன்று விரல்களும் ஆணியில் சுழன்று உள்பக்கமாக மூடும். கரண்ட் நின்றால் தண்டு விழும், விரல் விரியும். சோலினாய்டு என்று ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து மார்க் வாங்கினோமே, அதுவேதான்! காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடும் இருக்கும். எதற்கு என்று வைவாவில் கேட்டால் திரும்பிப் பார்க்காதீர்கள். சப்ளையை வெட்டும்போது காயில் திருப்பி அடிக்கிற வோல்டேஜிலிருந்து டிரைவர் சர்க்யூட்டைக் காப்பாற்றத்தான்.

விரல் ஒரு நெம்புகோல். தண்டு இழுக்கிற பக்கம் 2 செ.மீ., விரல் நீளம் 10 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் நுனியில் கிடைக்கும் பலம் ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே விரல் நுனிப் பிடி எப்போதும் கொஞ்சம் சொத்தைதான்.

பாதி வோல்டேஜ், கால் பலம்!

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். சோலினாய்டின் இழுவிசை கரண்டுக்கு நேர் விகிதம் கிடையாது. கரண்டின் வர்க்கத்துக்கு விகிதம். (இரும்பு செறிவடையாத வரைக்கும், இடைவெளி மாறாத வரைக்கும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள், எங்கள் எச்.ஓ.டி. இதைப் படிப்பார்!)

ஒரு கணக்குப் போடுவோம். காயில் 48 ஓம், சப்ளை 48 வோல்ட். கரண்ட் 1 ஆம்பியர். இந்தப் பிடியில் 800 கிராம் பொம்மை வரும் என்று வைப்போம். இப்போது வோல்டேஜைப் பாதியாக, 24 ஆக்குங்கள். கரண்ட் அரை ஆம்பியர். இழுவிசை? பாதி இல்லை, கால்! 800 கிராம் தூக்கிய கை இப்போது 200 கிராம்தான் தூக்கும். கரடி 300 கிராம் என்றால்? விரல்கள் அழகாக மூடும். பிடித்த மாதிரி இருக்கும். தூக்கினால் வழுக்கும்.

பழைய மெஷின்களில் இந்த வோல்டேஜைத் திருகி வைக்க உள்ளே ஒரு குமிழ் இருக்கும். இப்போதைய போர்டுகளில் மாஸ்ஃபெட் ஒன்று சப்ளையை மின்னல் வேகத்தில் வெட்டி வெட்டி விடும். நூற்றுக்கு இத்தனை பங்கு நேரம் ஆன், மீதி நேரம் ஆஃப். அதுதான் பி.டபிள்யூ.எம். அந்த விகிதத்தை மாற்றினால் பிடி மாறும். ஒரே ஆட்டத்துக்குள்ளேயே மாற்றலாம்! கீழே பிடிக்கும்போது ஒரு பலம், மேலே தூக்கும்போது ஒரு பலம், துவாரத்தை நோக்கி நகரும்போது இன்னொரு பலம். கை உச்சிக்குப் போய் 'டக்' என்று நிற்கும்போது பொம்மை விழுகிறதே, அது பாதி அந்தக் குலுக்கல், பாதி குறைக்கப்பட்ட கரண்ட்.

இன்னொரு சுவையான சங்கதி. செம்புக் கம்பியின் தடை 1 டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் ஏறும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் காயில் 40 டிகிரி சூடேறினால் தடை 16 சதவீதம் கூடும், கரண்ட் 0.86 பங்காகக் குறையும், வர்க்கம் எடுத்தால் பலம் 0.74. அதாவது யாரும் குமிழைத் தொடாமலே கால்வாசிப் பிடி போய்விடும்!

மெனுவில் இருந்த ஒரு நம்பர்

ஒரு நாள் மெஷினின் கதவைத் திறந்து அண்ணன் மெனுவைக் காட்டினார். அதில் பலமான பிடி எவ்வளவு, பலவீனமான பிடி எவ்வளவு, எத்தனை ஆட்டத்துக்கு ஒரு முறை பலமான பிடி என்று வரிசையாக நம்பர்கள். "இது ஒண்ணும் ரகசியம் இல்ல தம்பி, மேனுவல்லயே போட்டிருக்கு" என்றார்.

முதலாளி பக்கத்துக் கணக்கு சுலபம். பொம்மை 150 ரூபாய், ஆட்டம் 30 ரூபாய் என்று வையுங்கள். வருகிற பணத்தில் பாதி பொம்மைக்கு, பாதி வாடகை, கரண்ட் பில், சம்பளம், லாபத்துக்கு. அப்படியானால் 300 ரூபாய்க்கு ஒரு பொம்மை. அதாவது பத்து ஆட்டத்துக்கு ஒன்று. மெனுவில் 10 என்று வைத்தால் வேலை முடிந்தது. ஆட்டக் கணக்கும் பொம்மைக் கணக்கும் மெஷினிடமே இருக்கிறதே, மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

சில போர்டுகள் எண்ணிக்கை வைத்துப் பலமான பிடியைத் தரும். சிலது குலுக்கல் முறையில் தரும். குலுக்கல் என்றால் ஒரு விஷயம் கவனியுங்கள். பத்துக்கு ஒன்று என்ற வாய்ப்பில் பத்து ஆட்டம் ஆடினாலும் ஒரு தடவைகூட பலமான பிடி வராமல் போக 0.9 பெருக்கல் பத்து தடவை, அதாவது கிட்டத்தட்ட 35 சதவீதம் வாய்ப்பு உண்டு. மூன்று பேரில் ஒருவர் 300 ரூபாயும் விட்டுவிட்டுச் சும்மா போவார்! பலமான பிடி வந்தாலும் குறி தப்பினால் அதுவும் போச்சு.

எல்லா மெஷினும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். கடைசி வரை ஒரே பலத்தில் பிடிக்கும்படி வைத்திருக்கிற மெஷின்களும் உண்டு. அதில் உண்மையாகவே கண்ணும் கையும்தான் ஜெயிக்கும். ஆனால் வெளியே நிற்கிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். சிக்கலே அங்கேதான்.

"அப்பாவுக்குக் கைராசி இல்லம்மா"

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு அப்பாவும் ஆறு வயசுப் பாப்பாவும் வந்தார்கள். அவர் சட்டைக் காலரில் சிமெண்ட் கறை. எனக்கு அந்தக் கறை நன்றாகத் தெரியும், எங்கள் அப்பாவும் கொத்தனார்தான். பாப்பா கேட்டது மஞ்சள் வாத்து. அவர் ஐந்து ஆட்டம் ஆடினார். குறி ஒரு தடவைகூட தப்பவில்லை. தினமும் சரத்தின் மேல் நின்று செங்கல் வைக்கிற கை, தப்புமா? ஐந்து தடவையும் வாத்து எழுந்தது, ஐந்து தடவையும் விழுந்தது. அவர் பாப்பாவிடம் குனிந்து, "அப்பாவுக்குக் கைராசி இல்லம்மா" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, உங்க கை நல்லாத்தான் இருக்கு. மெஷின்ல பிடி அப்படி வச்சிருக்காங்க, இத்தனை ஆட்டத்துக்கு ஒண்ணுனு" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பார்த்தார். "அப்ப எத்தனாவதுல தம்பி விழும்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி நண்பர்களே! வெளியே நிற்கிற யாராலும் பதில் சொல்ல முடியாத கேள்வி. பெட்டிக்குள் அந்த நம்பர் இருக்கிறது, கண்ணாடியில் இல்லை. "தெரியாதுண்ணே" என்றேன். அவர் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய், வெளியே பலூன் வாங்கிக் கொடுத்தார். பலூனுக்கு விலை சொன்னார்கள், கொடுத்தார், பலூன் கைக்கு வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

திறமையா, அதிர்ஷ்டமா?

நம் நாட்டில் திறமை விளையாட்டுக்கும் சூதுக்கும் நடுவில் சட்டமே ஒரு கோடு கிழித்திருக்கிறது. 1968ல் ரம்மி பற்றிய வழக்கில் அது முக்கியமாகத் திறமை விளையாட்டே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1996ல் டாக்டர் கே.ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் குதிரைப் பந்தயத்தையும் அந்தப் பக்கமே சேர்த்தது. ஆடுகிறவரின் அறிவு, பயிற்சி, அனுபவம், சாமர்த்தியம் இவைதான் வெற்றியைப் பெரும்பாலும் தீர்மானிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

அந்த அளவுகோலை நம் பெட்டிக்கு வைத்துப் பாருங்கள். டிராலியை எங்கே நிறுத்துவது என்பது நம் சாமர்த்தியம். காயிலில் எத்தனை வோல்ட் என்பது? அது மெனு. நான் வக்கீல் இல்லை, தீர்ப்புச் சொல்லவில்லை. எலக்ட்ரிகல் பையன், வயர் எங்கே போகிறது என்று மட்டும் சொல்கிறேன். ஜாய்ஸ்டிக்கிலிருந்தும் பட்டனிலிருந்தும் மூன்று மோட்டாருக்கும் வழி இருக்கிறது. காயில் பலத்துக்கு வழி இல்லை.

முதலாளி சம்பாதிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. முப்பது ரூபாய்க்கு எல்லோருக்கும் பொம்மை கொடுத்தால் ஒரே வாரத்தில் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். ஜப்பானில் பரிசுப் பொருளின் விலைக்கே உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். இங்கே நான் கேட்பது ஒரே ஒரு வரிதான். 'இந்த மெஷினில் பத்து ஆட்டத்துக்கு ஒரு முறை பலமான பிடி' என்று கண்ணாடியில் ஒட்டட்டும். பிஸ்கெட் பாக்கெட்டிலேயே எடை போட்டிருக்கிறதே! தெரிந்தே ஆடுகிறவர் ஆடட்டும்.

ஆடுவதற்கு முன் நாலு விஷயம்

1. உடனே காசு போடாதீர்கள். பத்து நிமிஷம் மற்றவர் ஆடுவதைப் பாருங்கள். கை உச்சிக்குப் போனதும் விரல் லேசாக விரிகிறதா? விரிந்தால் பிடி குறைகிறது என்று அர்த்தம்.

2. பொம்மைகள் இறுக்கமாக அடுக்கப்பட்டிருந்தால் பக்கத்துப் பொம்மைகளே அதைப் பிடித்துக்கொள்ளும். மேலே தனியாகக் கிடப்பதை, அதுவும் துவாரத்துக்குப் பக்கத்தில் கிடப்பதைப் பாருங்கள்.

3. கை நூலில் தொங்குகிற ஊசல். நூல் 60 செ.மீ. என்றால் ஒரு ஆட்டத்துக்கு சுமார் ஒன்றரை வினாடி. அது ஆடி அடங்கிய பிறகு பட்டனை அமுக்குங்கள்.

4. இவ்வளவு ரூபாய்தான் என்று முதலிலேயே எடுத்துத் தனியாக வையுங்கள். 'இவ்வளவு போட்டாச்சு, இன்னும் ஒண்ணு' என்ற நினைப்புதான் மெஷினின் நாலாவது மோட்டார்!

கூடம் கோணலா, இல்லையா?

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று நம் ஊரில் ஒரு பழமொழி. தோற்றவன் எது சொன்னாலும் இதைச் சொல்லி வாயை அடைத்துவிடுவார்கள். ஆனால் ஒரு சந்தேகம். அந்தக் கூடத்தை யாராவது அளந்து பார்த்தார்களா?

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வரைக்கும் வந்த முதல் ஆள் நான். நம்மில் நிறையப் பேர் அப்படித்தான். அரியர் விழுந்தால், இன்டர்வியூவில் இங்கிலீஷ் தடுக்கினால், 'நமக்கு ராசியில்ல, நம்ம பரம்பரைக்குப் படிப்பு ஏறாது' என்று சட்டென்று நம் கையையே குறை சொல்கிறோம். ஃபர்ஸ்ட் இயரில் என் பெஞ்சில் இருந்த நண்பன் இதைச் சொல்லிவிட்டுத்தான் டி.சி. வாங்கிக்கொண்டு போனான். அவன் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்து முதல் செமஸ்டரிலேயே இங்கிலீஷ் புத்தகத்தோடு மல்லுக்கட்டினான். அது கை பலவீனமா, மெனுவில் வைத்த நம்பரா? யாரும் அளந்து பார்க்கவில்லை.

அதற்காக எல்லாவற்றுக்கும் கூடம் கோணல் என்று சொல்லித் தப்பிக்கச் சொல்லவில்லை. படிக்காமல் போய் உட்கார்ந்துவிட்டு கொஸ்டின் பேப்பர் கஷ்டம் என்றால் அது ஆடத் தெரியாத கேஸ்தான்! எங்கள் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் சுவர் கோணல் என்று யாராவது சொன்னால் சண்டை போட மாட்டார். "கண்ணால பாத்துச் சொல்லாத, ரசமட்டத்த வை" என்பார். ரசமட்டம் பொய் சொல்லாது. சுவர் தப்பென்றால் இடித்துக் கட்டு, சுவர் சரியென்றால் உன் கண்ணைச் சரி பண்ணு.

நம் கையில் இருக்கும் டிப்ளமோ அந்த ரசமட்டம்தான் நண்பர்களே. எது நம் ஜாய்ஸ்டிக்கில் இருக்கிறது, எது அடுத்தவர் மெனுவில் இருக்கிறது என்று வயரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். நம்முடையதை நன்றாக ஆட்டுவோம். அடுத்தவர் வைத்த நம்பரை என்னவென்று கேட்போம். வீட்டில் யாராவது 'கைராசி இல்லை' என்று சொன்னால், மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போவோம்!